காத்து வருது

அன்புள்ள சார்,

வணக்கம். கோத்தகிரியில் போன மாதம் நடந்த புல்லாங்குழல் நிகழ்ச்சியைப் பற்றி உங்கள் தளத்தில் நாலு வரி எழுதியிருந்தீர்கள். ‘ரொம்ப நாளுக்கு அப்புறம் காது முழித்துக்கொண்டது’ என்று. அன்று நானும் அங்கே இருந்தேன். உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால், சிவப்பு சால்வை. என் காதும் முழித்துத்தான் இருந்தது. தூங்கவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நான் குன்னூரில் முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனால் சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் மாலியின் புல்லாங்குழல் கேட்டு வளர்ந்தேன். என் கணவர் இருந்தவரை மார்கழியில் சென்னைக்குப் போய் ரமணி கச்சேரி கேட்போம். குழல் என்றால் எனக்கு அதுதான்.

அன்று அந்தப் பெண் முதலில் வாசித்தது, வெள்ளிக் குழலில், ஏதோ ஒரு விதத்தில் பிடித்திருந்தது. நடுவில் கட்டைகளை டொக் டொக்கென்று தட்டினாள், சரி. இரண்டாவதில் குழலுக்குள் பேசினாள், கத்தினாள், உறுமினாள். எச்சில் தெறித்த சத்தம்கூட கேட்டது. மூன்றாவது, அவளே அமைத்தது என்றார்கள். நம் மூங்கில் குழல், பக்கத்தில் தம்புராப் பெட்டி. அதில் சுருதியே சேரவில்லை. ஒரு இடத்தில் குக்கர் விசில் மாதிரி வந்தது. பாட்டும் ஊதலும் ஒன்றாக வந்தபோது என் பேத்தி (எட்டு வயது) வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் கேள்வி நேரடியானது. இது சங்கீதமா? அல்லது புரியவில்லை என்று சொன்னால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லோரும் கைதட்டுகிறோமா? குழல் இனிது என்றார் வள்ளுவர். அந்த இனிமையைக் கெடுப்பதற்கு இவ்வளவு படிப்பு எதற்கு? மாலி இருந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

தவறாக எண்ண வேண்டாம். பதில் எழுதினால் என் பெயரைப் போடாதீர்கள். குன்னூர் சின்ன ஊர்.

பி.கு: பேத்தி அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் ஊதிக்கொண்டிருக்கிறாள். பாட்டில், சாவி, பேனா மூடி. வீட்டில் இருக்க முடியவில்லை.

*

அன்புள்ள டீச்சர்,

சுருதியிலிருந்து தொடங்குகிறேன். அதில் நீங்கள் சொன்னது சரி. மூன்றாவது உருப்படியில் மூங்கில் குழல் தம்புராவுக்குக் கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் உறுத்தியது. அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

காரணம் குளிர். நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் எண்ணிலேயே சொல்லலாம். காற்றின் சூடு ஒரு டிகிரி கூடினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். சென்னையில் 30 டிகிரியில் 349 மீட்டர் என்றால், 12 டிகிரியில் 338 தான். குழலின் நீளம் எங்கேயும் அதேதான். வேகம் குறைந்தால் சுரம் இறங்கித்தான் ஆக வேண்டும். கணக்குப் போட்டால் அரைச்சுரத்தில் பாதி இறங்குகிறது. வாசிப்பவரின் மூச்சுச் சூடு உள்ளே போவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது. ஆனால் வாசிப்பை நிறுத்திக் குழலை மடியில் வைத்த உடனே அது ஆறத் தொடங்கிவிடும். மின்சாரத் தம்புராப் பெட்டிக்குக் குளிர் கிடையாது. அது கோத்தகிரியிலும் மயிலாப்பூரில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இடையிடையே அந்தப் பெண் குழலைச் சால்வைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாளே, கவனித்தீர்களா? பாவம், குளிருகிறது என்றுதான் நானும் நினைத்தேன். குழலுக்குத்தான் சால்வை.

(மலை உயரத்தால்தான் சுருதி இறங்குகிறது என்று இங்கே சிலர் சொல்வார்கள். உயரம் அதைச் செய்யாது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். சூடு மட்டும்தான் கணக்கில் வரும்.)

சரி, அது விபத்து. மற்றதெல்லாம் விபத்து இல்லை, வேண்டுமென்றே செய்தவை. அதுதான் உங்கள் வழக்கு.

எனக்குப் பதிமூன்று வயதில் குன்னூரிலேயே ஒருவரிடம் குழல் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடி அறை, மண்ணெண்ணெய் வாசனை. இரண்டு வருஷம் போனேன். அவர் எனக்குச் சொன்ன சொற்களைக் கூட்டினால் பாதி இதுவாகத்தான் இருக்கும்: “காத்து வருது.” சரளி வரிசையில் ஸ பிடிப்பேன். “காத்து வருது.” உதட்டைக் குறுக்குவேன். “இன்னும் வருது.” குழல் என்பது உதட்டிலிருந்து புறப்பட்ட காற்று துளையின் விளிம்பில் போய் மோதி இரண்டாகப் பிரியும் கருவி. ஒரு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே. காற்று வராமல் எப்படி? ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். காற்று இருக்கலாம், கேட்கக் கூடாது. எச்சில் ஊறலாம், கேட்கக் கூடாது. விரல் துளையில் விழலாம், மூச்சு இழுக்கலாம், தொண்டை திறக்கலாம், ஒன்றும் கேட்கக் கூடாது. மனுஷன் இருக்கிற தடயமே இல்லாமல் சுரம் மட்டும் அந்தரத்தில் நிற்க வேண்டும். நாலைந்து வருஷத்தில் சிலருக்கு அது வந்துவிடும். எனக்கு வரவில்லை. ஐந்து கட்டைச் சுருதிக் குழல் ஒன்று மட்டும் மிச்சம். அதுவும் ஒரு ஜனவரிப் பனியில் நீளவாக்கில் விரிசல் விட்டு, நூல் சுற்றி அலமாரியில் கிடக்கிறது.

நீங்கள் அன்று கேட்டது, என் வாத்தியார் இரண்டு வருஷம் துரத்தித் துரத்தி அடித்த அத்தனையும்தான். அவற்றை ஒருவர் வரிசையாக உட்காரவைத்து, நீங்களும் பேசுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அன்று நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொல்காப்பியர் நினைவுக்கு வருகிறார். எழுத்துகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் இடத்தில், ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொடங்குகிறார். தொப்புளிலிருந்து கிளம்பும் காற்று. அது போய்த் தங்கும், முட்டும் இடங்கள் எட்டு: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். ஒரு மொழி பேச இந்த எட்டும் வேண்டும். நாம் அறிந்த குழல் இந்த எட்டில் இதழை மட்டும் கேட்க விடுகிறது. மற்ற ஏழும் வேலை செய்யும், ஆனால் சமையல்கட்டில். அன்று அந்தப் பெண் ஏழு பேரையும் கூடத்துக்குக் கூட்டி வந்தாள். வந்தவர்களுக்குச் சபை நாகரிகம் தெரிந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

மிடறு. உங்கள் பேத்தி சிரித்த இடம். ஊதிக்கொண்டே பாடுவது. குழல் 400 அதிர்வில் ஒலிக்கும்போது அவள் 300 அதிர்வில் பாடினால், இரண்டும் உதட்டில் ஒரே காற்றில்தான் ஏறி வருகின்றன. ஒன்றையொன்று உலுக்குகின்றன. அப்போது யாருமே வாசிக்காத, யாருமே பாடாத சுரங்கள் எழும்: கழித்தால் வரும் 100, கூட்டினால் வரும் 700. நீங்கள் உறுமல் என்று எழுதியது அந்த 100. அப்படி ஒருவர் அந்த அறையில் இல்லவே இல்லை! இன்னொன்று. பாடுவதும் ஊதுவதும் மிக அருகில் வந்தால், 400-க்கு 396 என்று, நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, கை கொடுக்கலாம். தம்புரா சேர்க்கும்போது இரண்டு தந்திக்கு நடுவே அந்த விம்மல் மெதுவாகி மெதுவாகி நிற்பதை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். அங்கே அது நிற்பதற்காகக் காத்திருப்போம். இங்கே அது நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நா. நாக்கை உருட்டி ‘ர்ர்ர்’ என்று ஊதுவது புதுசே இல்லை. 1892-இல் சைக்கோவ்ஸ்கி பாலே இசையிலேயே குழலுக்கு எழுதிவிட்டார். அன்று கேட்ட ‘டப்’ என்ற சத்தம் வேறு. வாயைக் குழலின் வாய்த்துளை மேல் முழுதாகப் பொத்தி, நாக்கால் படாரென்று அடைப்பது. எச்சில் தெறித்தது என்று எழுதினீர்களே, அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இதன் வேடிக்கை என்னவென்றால், விரல் வைத்திருக்கும் சுரம் வராது. அதைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒன்று வரும். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் குழாய் ஒரு பக்கம் அடைபட்டால் ஒலியலையின் நீளம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

நெஞ்சு. உங்கள் குக்கர் விசில். வாய்த்துளையை உதடுகளுக்குள் வாங்கிக்கொண்டு மார்பில் உள்ள மொத்தக் காற்றையும் ஒரே வீச்சில் விடுவது. பிரேசில்காரர் வில்லா-லோபோஸ் 1950-இல் குழலுக்கும் செல்லோவுக்கும் எழுதிய ஒரு துண்டுக்கு இந்த விசிலின் பெயரையே வைத்தார். பல்லும் அண்ணமும் ச, ட, க என்று மெய்யெழுத்துகளைத் துளை மேல் உச்சரிக்கும்போது வந்துவிடுகின்றன. அமெரிக்காவில் பையன்கள் இதை வைத்து டிரம்ஸ் மாதிரி குழல் வாசிக்கிறார்கள். வாயாலேயே மிருதங்கச் சொற்கட்டுச் சொல்லும் நம் கொன்னக்கோல்காரர் யாராவது கையில் குழல் எடுத்தால் அவர்களெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். மூக்கு, கன்னத்தில் காற்றைத் தேக்கி அதைத் தள்ளிக்கொண்டே மூக்கால் இழுப்பதற்கு. மகுடிக்காரர்கள் காலகாலமாகச் செய்வது. நம் மலையில் கோத்தர்கள் ஊதும் கொள் இருக்கிறதே, நாகஸ்வரம் போல் சீவாளி வைத்தது, அதிலும் மூச்சு அறுவதில்லை. கோத்தகிரிக்காரர்கள் இதைக் கேட்டு வியக்க ஒன்றுமே இல்லை. தலை மட்டும்தான் பாக்கி. தலைக்கு வந்தது தலைவலி என்று நீங்கள் சொல்லலாம்.

எட்டுக்கு வெளியே ஒன்று உண்டு. விரல். வழக்கமாக மூடித் திறக்கும் வரிசையை விட்டு, நடுவில் ஒரு துளையைத் திறந்து அதற்குக் கீழே மூடினால், குழாய் தான் நீளமா குட்டையா என்று குழம்பிப்போகும். அப்போது உதட்டை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் இரண்டு சுரமும் சேர்ந்து வரும். மெலிசாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. 1958-இல் பெரியோ என்ற இத்தாலியர், கட்ஸெல்லோனி என்ற குழல் கலைஞருக்காக எழுதியதில் இது தலைகாட்டியது. 1967-இல் பார்த்தலோட்ஸி இதையெல்லாம் தொகுத்து ஒரு கையேடே போட்டார். 1975-இல் ராபர்ட் டிக் குழலுக்கென்றே தனியாக ஒன்று. அதற்குப் பிறகு இது கல்லூரிப் பாடமாகிவிட்டது. லாங்வுட் சோலைப் பக்கம் காலையில் நடந்தால் சீகாரப் பூங்குருவி சீட்டியடிப்பதைக் கேட்கலாம், வேலையில்லாத பள்ளிக்கூடப் பையன் ராகம் தெரியாமல் விசிலடித்துக்கொண்டு போகிற மாதிரி. பாடும் பறவைகளுக்குக் குரல் பெட்டி இரண்டு கிளையாக இருக்கிறது, இரண்டு சுரத்தை ஒரே நேரத்தில் விடும். கையேடு தேவைப்படவில்லை.

அன்று வாசித்தவற்றுக்கு வருகிறேன். முதலாவது எட்கார் வரேஸ் 1936-இல் எழுதியது. ஜார்ஜ் பாரேர் என்ற பிரெஞ்சுக் குழல் கலைஞர் பிளாட்டினத்தில் ஒரு குழல் செய்துகொண்டார். அதன் அரங்கேற்றத்துக்கு எழுதிக் கேட்டார். பிளாட்டினத்தின் அடர்த்தி 21.5, உருப்படியின் பெயரும் அடர்த்தி 21.5 என்பதுதான். கணக்கு டீச்சருக்குப் பிடித்திருக்க வேண்டிய பெயர். நம் அடியார்க்கு நல்லார் சிலப்பதிகார உரையில் குழலுக்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து பொருள் சொல்லியிருக்கிறார். நீளம் இருபது விரல், சுற்று நாலரை விரல் என்று அளவும் தந்திருக்கிறார். பிளாட்டினம் அவருக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்ட டொக் டொக், காற்றே இல்லாமல் கட்டைகளை மட்டும் தட்டும் சத்தம், குழலுக்கான எழுத்தில் அநேகமாக இதில்தான் முதலில் வந்தது. நாலு நிமிஷ இசையில் ஒரே ஒரு இடத்தில், அதுவும் கொஞ்ச நேரம். தொடக்கத்தில் அருகருகே இருக்கும் மூன்று சுரங்கள், ஒரு படி இறங்கி, ஏறி. அது விரிந்து விரிந்து உச்சிக்குப் போகிறது. நடுவில் திடீரென்று மூச்சு இல்லாமல் வெறும் எலும்பு மட்டும் நடப்பது போல அந்த டொக் டொக். உங்களுக்கு அது ‘சரி’ என்று பட்டதே, ஏன் தெரியுமா? அது வரவேண்டிய இடத்தில் வந்தது.

இரண்டாவது, ஜப்பானியர் டோரு டகேமிட்சு 1971-இல் எழுதியது. பெயர் ‘குரல்’. அவள் கத்தினாளே, அது ஒரு ஜப்பானியக் கவிஞரின் வரி. யாரங்கே, யாராக இருந்தாலும் பேசு, என்று ஒளி ஊடுருவும் எதையோ பார்த்து அதட்டுகிறது. முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். டகேமிட்சுவுக்குத் தங்கள் ஊர் ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் நன்றாகத் தெரியும். 1967-இல் அதையும் பிவா என்ற தந்தி வாத்தியத்தையும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவோடு உட்கார வைத்தவர். ஷாகுஹாச்சியில் காற்று கேட்பது குற்றமில்லை. மூச்சை முரட்டுத்தனமாக இறைத்து ஊதுவதற்கு அங்கே பெயரே உண்டு, முராயிகி. அதாவது என் வாத்தியார் ஜப்பானில் பிறந்திருந்தால் “காத்து வரலையே” என்று அடித்திருப்பார்.

அந்த உருப்படியில் எனக்குப் பிடித்த ஒரு கணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் அதட்டினாள். சொல்லின் கடைசி எழுத்து வாயில் இருக்கும்போதே குழல் உதட்டுக்கு வந்துவிட்டது. குரல் எங்கே முடிந்தது, குழல் எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியவில்லை. அதே மூச்சின் மிச்சம் சுரமாகிவிட்டது. அவள் தாடை லேசாக முன்னால் வந்தது, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. யாரங்கே என்று கேட்டவளும் பதில் சொன்னதும் ஒரே ஆள் என்று அப்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்களுக்கு அது கத்தலாகக் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அர்த்தம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறாகக் கேட்டிருக்கலாம். நிகழ்ச்சிக்காரர்கள் ஒரு துண்டுச்சீட்டில் நாலு வரி தமிழில் அடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மூன்றாவது. இங்கே நான் உங்கள் கட்சி. முக்கால்வாசி. பதினைந்து நிமிஷத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டாள். கடையில் புடவையைப் பிரித்துப் போடுவது போல. இது பாருங்க, இது பாருங்க. எதையும் உடுத்திப் பார்க்கவில்லை. எனக்கு இந்த வகை இசையில் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தச் சத்தம் திரும்பி வருகிறதா? திரும்பும்போது முதல் தடவை கேட்டது போல் இல்லாமல் இருக்கிறதா? ராகத்தில் நாம் கேட்பதும் அதைத்தானே. காந்தாரம் ஆரோகணத்தில் ஒரு மாதிரி, அவரோகணத்தில் ஒரு மாதிரி. குக்கர் விசில் ஒரு தடவை வந்தால் திடுக்கிடல். மூன்றாவது தடவை, நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது வராமல் போய், பாதியாக வந்தால், அங்கே ஏதோ தொடங்கிவிட்டது. அவள் வயதுக்கு அது வரும். இப்போதைக்கு மூன்றாவதற்கு நான் கைதட்டியது மரியாதைக்கு. எழுந்து நின்றது முன்னால் இருந்தவர் மறைத்ததால். ஆக, உங்கள் சந்தேகம் வீண் இல்லை. அந்த ஹாலில் பயத்தில் தட்டிய கைகளும் இருந்திருக்கும். மார்கழி சபாவில் பல்லவி புரியாமல் தொடையில் தாளம் போடுகிறவர்களைப் பார்த்ததில்லையா நீங்கள்?

மாலி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கிறீர்கள். தெரியாது. பாதியில் எழுந்து போயிருக்கலாம்; தன் கச்சேரியிலிருந்தே எழுந்து போனவர். ஆனால் ஒன்று. நம் காதில் ‘குழல் என்றால் அதுதான்’ என்று இருப்பது ஆதியிலிருந்து இருந்ததில்லை. கும்பகோணம் சரப சாஸ்திரி, கண் தெரியாதவர், 1904-இல் முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். குழலைக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக உட்கார வைத்தவர் அவர். அடுத்து பல்லடம் சஞ்சீவ ராவ். அதுவரை குழலில் விறுவிறுப்பு உண்டு, வாய்ப்பாட்டின் வளைவு குறைவு. 1930களில் திருவிடைமருதூரிலிருந்து வந்த ஒரு பையன் உதட்டு வைப்பையும் விரல் வைப்பையும் மாற்றி, குழலில் பாட்டின் கமகத்தைக் கொண்டுவந்தான். அந்தப் பையன்தான் உங்கள் வீட்டு ரேடியோவில் வந்தவர். மனுஷக் குரலைக் குழலுக்குள் அழைத்தது அவர்தான் என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். இவர்கள் அதே குரலை, மெருகு போடாமல், சளியும் கரகரப்புமாக அழைக்கிறார்கள். நடுவில் டி. விஸ்வநாதன் இருக்கிறார், பாலசரஸ்வதியின் தம்பி, அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவர் கச்சேரியில் குழலை இறக்கிவிட்டுச் சாகித்யத்தைப் பாடுவார், மறுபடி குழலை எடுப்பார். பாட்டும் ஊதலும் மாறி மாறி. ஒரே நேரத்தில் இல்லை. அந்தக் கடைசி அடியை வைத்தவர்களில் ஒருவர் ரஹ்சான் ரோலண்ட் கிர்க் என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர். 1960களில் குழலுக்குள் முனகி, பேசி, பாடி வாசித்தார். அவருக்கும் கண் தெரியாது. சும்மா சொன்னேன், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

வள்ளுவரையும் விட்டுவிடக் கூடாது. குழல் இனிது, யாழ் இனிது என்று சொன்னது அவர் இல்லை டீச்சர். ‘என்ப’. தம் குழந்தையின் மழலையைக் கேட்காதவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்கிறார். சொல்லாக இன்னும் ஆகாத, எச்சிலும் காற்றுமான ஒரு சத்தத்தைக் குழலுக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார். அவரை எனக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்தது உங்கள் பக்கத்துப் பிழை.

இன்னொன்றும் தோன்றுகிறது. இந்த மலையில் இருந்துகொண்டு வெறும் காற்றொலியைப் பார்த்து முகம் சுளிப்பது கொஞ்சம் நன்றிகெட்ட வேலை. தோடர் மொழியைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? திராவிட மொழிகளிலேயே உரசொலிகள் மிக அதிகமாக உள்ளது அதுதான். குரலே இல்லாமல் வெறும் காற்றால் சொல்லும் ஒரு ‘ல’ அதில் உண்டு. 1930களில் எமனோ என்ற மொழியறிஞர் இங்கே வந்து தங்கி அதை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொண்டு போனார். நமக்கு ஆய்தம் ஒன்றுதான், அதையும் எஃகு, அஃது என்று பரீட்சைக்கு மட்டும் வைத்திருக்கிறோம். கபிலர் அகநானூற்றில் ஒரு மலையைக் காட்டுகிறார் (82-ஆம் பாட்டு). வண்டு துளைத்த மூங்கில், அதில் கோடைக்காற்று புகுந்து குழலிசையாகிறது, அருவி முழவாகிறது. ஊதுகிறவர் இல்லாத குழல். துளையெல்லாம் வண்டு போட்டது, சுரஸ்தானம் பார்த்துப் போட்டிருக்காது. கல்லாறிலிருந்து பர்லியார் ஏறும்போது மூங்கில் புதர் பக்கம் வண்டியை ஓரம் கட்டிக் காற்றடிக்கும் நேரம் நின்று பாருங்கள். இனிமை என்று அதைச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் காரில் ஏறவும் மனசு வராது.

மறுபடி கேட்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பதானால் டகேமிட்சுவை மட்டும் கேளுங்கள், ராத்திரி, ஹெட்போன் போட்டு. ஏழு நிமிஷம் கூட ஆகாது. காற்றும் மௌனமும் மட்டும் போதும் என்றால் ஷாரீனோ என்ற இத்தாலியர் இருக்கிறார். அவர் குழலுக்கு எழுதியதில் பாதி, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போலவே இருக்கும். அதை நீங்கள் கேட்டு எனக்கு மறுபடி திட்டி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அப்புறம், பேத்தி. சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டாம். வாசித்த பெண்ணே அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கண்ணால் சிரித்தாள், நான் முன்னால் இருந்ததால் பார்த்தேன். இப்போது வரும் பேனா மூடிகள் பலவற்றில் நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அவளை அந்த ஓட்டையை விரலால் அடைத்து ஊதச் சொல்லுங்கள், பிறகு திறந்து ஊதச் சொல்லுங்கள். அடைத்தால் சுரம் கீழே இறங்கும். மேலே நாக்கைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் கிணற்றுச் சத்தம், அதேதான். அது வந்துவிட்டால், ஊதிக்கொண்டே ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். வீட்டில் இருக்க முடியாது என்பது உண்மைதான். அந்த நேரத்தில் நீங்கள் சிம்ஸ் பார்க் வரை ஒரு நடை போய்விட்டு வரலாம்.